மகரக்கட்டும் பாலர் சபையும்: டி. கே. சண்முகத்தின் நாடக வாழ்க்கை குறித்து ஓர் ஆய்வு

தமிழ் நாடக வரலாறு எழுதப் புகுந்தோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியைப் பாலர் சபைகளின் காலம் என்று குறிப்பர். சிறுவர்களையே பெரும்பாலும் நடிகர்களாகக் கொண்டு, ஊர்தோறும் கொட்டகையிட்டு, இரவு முழுதும் நாடகம் நடத்திய அக்குழுக்களை மக்கள் ‘பாய்ஸ் கம்பெனி’ என்று வழங்கினர். நாடகக் கலையை அழியாது காத்தவை அவையே என்பார் ஒரு சாரார். சிறுவரை அடைத்துவைத்து வேலை வாங்கியவை என்பார் மற்றொரு சாரார். இரண்டு கூற்றுக்கும் சான்றுகள் உள. ஆயினும் இரு சாராரும் கேளாது விட்ட வினா ஒன்று உண்டு. அச்சிறுவர் வளர்ந்த பின் என்ன ஆயினர்? குழந்தை நடிகனாயிருந்தவன் குழந்தைப் பருவம் நீங்கியதும் எங்கே நின்றான்? இவ்வினாவை முன்வைத்து, டி. கே. சண்முகம் (1912-1973) அவர்களின் வாழ்க்கையை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

சண்முகத்தைத் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. ஆறு வயதில் மேடையேறிய அவர், அறுபதாம் வயதில் ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலை வெளியிட்டார். பாலர் சபையின் அன்றாட வாழ்வை உள்ளிருந்து விரித்துரைக்கும் நூல்களுள் அதனினும் விரிவான ஒன்றைக் காண்டல் அரிது. நடிகர்கள் எழுதும் தன்வரலாறுகளில் தற்புகழ்ச்சி மிகுவது இயல்பு. சண்முகமோ தம்மைக் காட்டிலும் தம் ஆசிரியரையும் உடன் நடித்தவரையும் பற்றியே மிகுதியாகப் பேசுகிறார். அது அவர்தம் பண்பைக் காட்டுவதோடு, ஆராய்வார்க்கும் பெருந்துணையாகிறது.

இளஞ்சிறாரை அரங்கிற்குப் பழக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அறிந்தார்க்கு இது சொல்ல வேண்டுவதில்லை. மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஏறினாள்; தலைக்கோல் பெற்றாள்; ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் பெற்றாள். அம்மாலை பின்னர்க் கூனி ஒருத்தி கையில் நகர நம்பியர் திரிதரும் தெருவில் விலைக்கு நின்றது. வாங்குவோன் மாதவிக்கு மணமகனாவான் என்பது ஏற்பாடு. ஆசிரியர், இசையோன், முழவோன், யாழ்ப்புலவன் ஆகியோர் இலக்கணமெல்லாம் கூறிய இளங்கோவடிகள், அப்பொன்னைக் கொண்டு செய்தது என்ன என்பதில் மாதவியின் விருப்பம் யாதென்று அக்காதையில் கூறவில்லை. கலைஞர் சிறாராயின், கலையின் பயன் யாரைச் சேரும் என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது எனலாம். அதற்குச் சட்டத்தின் வாயிலாக விடை காண நெடுங்காலம் ஆயிற்று. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தமும், 2017 ஆம் ஆண்டு வந்த விதிகளுமே, திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் நடிக்கும் சிறார் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்குமேல் வேலை செய்தலாகாது என்றும், வருவாயில் நூற்றுக்கு இருபது பங்கேனும் அவர்கள் பெயரில் வைப்புநிதியாக இடப்பட வேண்டும் என்றும் வகுத்தன. பாலர் சபைகளின் காலத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

அச்சபைகள் தோன்றிய சூழலைச் சிறிது நோக்குவோம். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867 ஆம் ஆண்டு தோன்றிய சங்கரதாஸ் சுவாமிகள், பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். நடிகராகத் தொடங்கி நாடகாசிரியரானவர். அவர் சனீசுவரன் வேடம் பூண்டு வந்த கோலத்தைக் கண்டு கருவுற்றிருந்த பெண்ணொருத்தி அஞ்சிக் கருச்சிதைவுற்றாள் என்றும், அதனால் உள்ளம் நொந்து நடிப்பையே விடுத்தார் என்றும் வழிவழியாகக் கூறுவர். கதை எவ்வாறாயினும், அவருக்கு வளர்ந்த நடிகர்களிடம் மனக்குறை இருந்தது என்பது தெளிவு. அக்கால நாடகம் பாட்டால் ஆயது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே வரும் பேச்சை நடிகர் தத்தம் திறத்திற்கேற்ப வளர்த்துக்கொண்டனர். மேடையிலேயே ஒருவரையொருவர் மடக்கும் தர்க்கம், சிலபோது கதையை மறந்து கைகலப்பின் விளிம்புவரை செல்லும். எழுதிக் கொடுத்தவரின் சொல்லுக்கு மதிப்பில்லை. சிறுவரோ சொன்னதைச் சொன்னபடி ஒப்பிப்பர். ஆசிரியர் உரு மாறாமல் தம் பாட்டையும் உரையையும் மேடையில் காண வேண்டுமெனில் சிறுவரே தக்க கருவி. 1918 ஆம் ஆண்டு மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’ சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு எழுந்தது. ஜெகந்நாத ஐயர் குழு போன்ற பாலர் குழுக்களும் அக்காலத்தே புகழுடன் விளங்கின.

ஒலிபெருக்கி வாராத காலத்துக் கொட்டகையில், பின்வரிசையில் தரையில் அமர்ந்திருப்போர் காதிலும் பாட்டு விழ வேண்டும். நான்கு கட்டை, ஐந்து கட்டைச் சுருதியில் நின்று பாடும் இளங்குரலே அதற்கு ஏற்றது. பெண்கள் நடிக்க வருதல் அரிதாயிருந்தமையின், ஸ்திரீபார்ட்டுக்கும் சிறுவன் குரலே பொருந்தியது. எனவே பாலர் சபையின் முதலீடு திரையும் உடையும் மட்டுமல்ல. பருவம் எய்தாத தொண்டைகளே அதன் உண்மையான முதலீடு. இதனை மனத்திற் கொண்டாலன்றிப் பின்வருவன விளங்கா.

சண்முகம் திருவனந்தபுரத்தில் 1912 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் டி. எஸ். கண்ணுசாமிப் பிள்ளை; அவரும் பெண் வேடம் தாங்கிய நடிகர். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்னும் நால்வர் உடன்பிறந்தோர். மீனலோசனி சபை தோன்றிய 1918 ஆம் ஆண்டிலேயே தந்தையார் தம் மக்களை அதில் சேர்த்துத் தாமும் உடன் சென்றார். இச்செய்தியை நாடக வரலாற்றாசிரியர் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. எனக்கோ இதுவே முதன்மையானதாகத் தோன்றுகிறது. பாலர் சபைகளில் சேர்ந்த சிறுவர் பலர் வறுமையால் விடப்பட்டவர். சிலர் வீட்டைவிட்டு ஓடிவந்தவர். எம். ஜி. இராமச்சந்திரன் கும்பகோணத்தில் பட்ட வறுமையினின்று நீங்கத் தமையன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். சிவாஜி கணேசன் தாய்தந்தையர் இருக்கவும் தம்மை அநாதை என்று சொல்லிப் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில் புகுந்தார். சண்முகத்திற்கோ கம்பெனி வீட்டிலும் தந்தை இருந்தார், தமையன்மார் இருந்தனர். அடி விழுந்தால் அதைப் பார்ப்பதற்குத் தம்மவர் ஒருவர் உண்டு என்பது ஒரு சிறுவனுக்கு எளிய செய்தியன்று.

கம்பெனி வீட்டு வாழ்க்கை ஒருவகைக் குருகுல வாழ்க்கை. இரவெல்லாம் நாடகம், பகலில் உறக்கம், பாடம், ஒத்திகை. சிறுவர் அனைவரும் ஓரிடத்தில் உண்டு உறங்கினர். ‘வாத்தியார்’ என்னும் சொல்லுக்கு அங்கே நாடகாசிரியர் என்பதே பொருள். இராமச்சந்திரனைத் திரையுலகத்தார் அப்பெயரால் அழைத்தது இவ்வழக்கின் எச்சம் போலும். பாடம் என்பது ஏட்டுப் படிப்பன்று. பாட்டையும் வசனத்தையும் செவிவழிக் கேட்டு உருப்போடுதல். சுவாமிகளின் நாடகங்களில் திருக்குறள் முதலாய அறநூற் கருத்துகள் பாட்டோடு பின்னிக் கிடந்தன. ஆதலின் பள்ளியின் வாயிலை மிதியாத சிறுவர், யாப்பின் பெயர் அறியாமலே யாப்பைச் செவியால் அறிந்தனர். வெண்பாவின் ஓசை தவறினால் பொருள் தெரியாத சிறுவனும் திடுக்கிடுவான். முறையான கல்வி பெறாத சண்முகம் பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை குறித்துச் சொற்பொழிவு ஆற்றும் தகுதி பெற்றது இப்பயிற்சியின் பயனே. நம் தமிழ்த் துறைகளில் செய்யுளைக் கண்ணால் மட்டும் படித்துத் தேர்வெழுதும் மாணவரை எண்ணுங்கால், அச்சிறுவர்பால் ஓரளவு பொறாமையே எழுகிறது. ஆயினும் அக்கல்விக்கு அவர்கள் உறக்கத்தையும் விளையாட்டையும் கொடுத்தனர் என்பதையும் மறத்தலாகாது.

சுவாமிகளுக்குச் சிறுவன் சண்முகத்திடம் தனிப்பற்று இருந்தது. அவனுக்கென்றே ‘அபிமன்யு சுந்தரி’ என்னும் நாடகத்தை, பாட்டும் உரையுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகம் வியந்து கூறுவர். இரவு முழுதும் நடக்கும் ஒரு நாடகத்தை ஓர் இரவிலே எழுதுதல் எங்ஙனம் இயலும் என்று ஐயுறுவார் உளர். சுவாமிகள் சந்தங்களை முன்னரே மனத்திற் பழக்கி வைத்திருந்தவர். கதையோ யாவரும் அறிந்தது. எழுதியது கற்பனை மட்டுமன்று, நெடுநாட் பயிற்சியின் பெருக்கு. இவ்வாறு கொண்டால் அஃது இயலாததன்று. ஈண்டு நாம் கருதத்தக்கது வேறு. நடிகனின் குரலளவும் உடலளவும் கண்டு, அவற்றிற்கென அளந்து தைத்த சட்டைபோல நாடகம் எழுதப்பட்டது. அளந்து தைத்த சட்டை வளரும் சிறுவனுக்கு எத்தனை ஆண்டு பொருந்தும்?

சுவாமிகள் இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் பேச்சிழந்தார். 1922 ஆம் ஆண்டு நவம்பர் 13 ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். பிறருக்குச் சொல்லிக் கொடுத்தே வாழ்ந்தவரின் நாக்கு முடங்கியதைச் சபைச் சிறுவர் நாளும் கண்டனர்.

இனி மகரக்கட்டுக்கு வருவோம். ஆண்மகனுக்குப் பருவம் வருங்கால் குரல் உடைந்து கரகரப்பதை நாடக உலகினர் மகரக்கட்டு என்பர். வீட்டிலிருக்கும் சிறுவனுக்கு இது சில திங்கள் நிகழும் கேலி, அவ்வளவே. பாலர் சபைச் சிறுவனுக்கோ இது பிழைப்பின் முடிவு. நேற்றுவரை இராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ கைதட்டல் பெற்றவன், குரல் உடைந்த அன்றே சேவகனாகவும் தோழனாகவும் ஆக்கப்படுவான். அல்லது வீட்டிற்கு அனுப்பப்படுவான். அவன் இடத்திற்கு மற்றொரு பிள்ளை வருவான். இது முதலாளிகளின் கொடுமையால் மட்டும் நிகழ்ந்ததென்று கொள்ளுதல் முழுதும் சரியன்று. உயர்ந்த சுருதியில் அமைந்த பாட்டுகளால் ஆகிய நாடகத்தில், தாழ்ந்த குரலுக்கு இடமே இல்லை. இலக்கிய வடிவமே அவனை வெளியே தள்ளியது.

பருவம் கடந்தும் உச்சக்குரல் குன்றாதிருந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. அதனால் அவர் புகழும் குன்றவில்லை. ஆயினும் 1933 ஆம் ஆண்டு இருபத்தேழாம் வயதிலேயே மறைந்தார். புதுக்கோட்டைப் பி. யு. சின்னப்பாவின் கதை வேறு. பாலர் சபையில் இராஜபார்ட்டாக விளங்கிய அவருக்குக் குரல் உடைந்தது. சபையை விட்டு நீங்கிய அவர், சங்கீதத்தையும், சிலம்பம் முதலிய உடற்பயிற்சிகளையும் மேற்கொண்டார். 1936 ஆம் ஆண்டு ‘சந்திரகாந்தா’வில் திரைக்கு வந்தார், ‘உத்தம புத்திரன்’, ‘கண்ணகி’ முதலிய படங்களில் பெரும்புகழ் எய்தினார். இவ்விருவரும் விதிவிலக்குகள். எஞ்சியோருள் சிலர் நடிகர்கள் தனித்தனியே வந்து ஓரிரவுக்கு ஒன்றுகூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் பிழைத்தனர். சிலர் ஆர்மோனியம் வாசித்தனர். ஏனையோர் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. நம்மிடமுள்ள தன்வரலாறுகள் யாவும் கரையேறியவர் எழுதியவை என்பதை ஆராய்வோர் என்றும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சண்முகம் எவ்வாறு கரையேறினார்? 1925 ஆம் ஆண்டு மார்ச்சு 31 ஆம் நாள், திருவனந்தபுரத்தில், சகோதரர்கள் தமக்கென ‘மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை’யைத் தொடங்கினர். சபைக்குப் பெயர் தந்த சண்முகத்திற்கு அன்று பதின்மூன்று வயதும் நிரம்பவில்லை. 1918 இல் தொடங்கிய பயிற்சி 1925 இல் தனிச்சபையாக முடிந்தது. மாதவியைப் போலவே ஏழாண்டு. இது தற்செயலான ஒற்றுமைதான். வேற்றுமையே பொருளுடையது. மாதவியின் பொன் பிறர் கையில் விலைக்குச் சென்றது. சண்முகத்தின் குடும்பத்தாரோ கொட்டகையையும் நாடகத் தேர்வையும் தம் கையில் எடுத்துக்கொண்டனர். குரல் உடையும் பருவத்தின் வாயிலில் நின்ற சிறுவன், தன்னை வெளியேற்றும் அதிகாரம் பிறர் எவரிடத்தும் இல்லாத இடத்திற்குச் சென்றுவிட்டான். நால்வருக்கும் பிறர்க்கும் குரல் உடைந்தபோது, சபை அவர்களை மாற்றவில்லை. சபையின் நாடகங்கள் மாறின.

இக்கூற்றை நிறுவுதற்கு அச்சபையின் நாடகப் பட்டியலே சான்று. தொடக்கத்தில் சுவாமிகளின் புராண நாடகங்களும், பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ போன்றனவும் நடைபெற்றன. பின்னர் எம். கந்தசாமி முதலியார் ஆசிரியராக வந்தார். ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’, ‘சந்திரகாந்தா’, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ முதலிய நாவல்கள் நாடகமாயின. இவற்றில் பாட்டு குறைந்தது, உரையாடல் மிகுந்தது. புராணத்து அரசன் ஐந்து கட்டையில் பாட வேண்டும். நாவலில் வரும் வக்கீலும் போலீசுக்காரனும் பேசினால் போதும். உடைந்த குரலுக்குப் பேச்சு நாடகமே புகலிடம். வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ தடைசெய்யப்பட்டிருந்தது. அதனை 1931 ஆம் ஆண்டு ‘தேசபக்தி’ என்ற பெயரில் நடித்தபோது, உரைநடையின் வேகம் அரசியலுக்கும் கருவியாயிற்று. வங்கக் கதையொன்றைத் தழுவிய ‘குமாஸ்தாவின் பெண்’ நடுத்தரக் குடும்பத்தின் வரதட்சிணைத் துயரை மேடைக்குக் கொணர்ந்தது. ‘மேனகா’ 1935 ஆம் ஆண்டிலும் ‘குமாஸ்தாவின் பெண்’ 1941 ஆம் ஆண்டிலும் திரைப்படங்களாயின.

இம்மாற்றத்திற்கு வேறு காரணங்கள் இல்லையோ எனின், உண்டு. பம்மல் முதலியார் 1891 ஆம் ஆண்டு தோற்றுவித்த சுகுண விலாச சபை உரைநடை நாடகத்திற்கு ஏற்கெனவே மதிப்புத் தேடித் தந்திருந்தது. நாவல் படிப்போர் தொகை பெருகியது. தேசிய இயக்கம் பரவியது. 1931 இல் பேசும்படம் வந்தபின் பாட்டுக்காகக் கொட்டகைக்கு வந்தோர் திரையரங்கை நாடினர். இக்காரணங்களை யான் மறுக்கவில்லை. ஆனால் இவை எல்லாக் குழுக்களுக்கும் பொதுவானவை. எல்லாக் குழுக்களும் ஒரே வழியில் செல்லவில்லை என்பதே கருதத்தக்கது. நவாப் டி. எஸ். இராஜமாணிக்கம் நடத்திய மதுரை தேவி பால விநோத சங்கீத சபையை ஒப்பிடுக. அவரும் பாலர் சபையினின்று வந்தவரே. ‘இராமதாஸ்’ நாடகத்தில் நவாபாக நடித்துப் பெற்ற பெயரே அவர்க்கு நிலைத்தது. அவரோ ‘தசாவதாரம்’, ‘இராமதாஸ்’, ‘இயேசுநாதர்’ என்று பக்திக் கதைகளிலும் வியத்தகு காட்சியமைப்பிலும் நின்றார். கட்டுப்பாடு மிக்க தம் சபையில் சிறுவரையே மேன்மேலும் சேர்த்துப் பயிற்றினார். வளர்ந்த பிள்ளைகள் நீங்கினர். புதிய பிள்ளைகள் வந்தனர். நாடகம் மாறவேண்டிய தேவை எழவில்லை. ஷண்முகானந்த சபையிலோ சிறுவரே முதலாளிகள். அவர்களை நீக்குதல் இயலாது. ஆதலின் நாடகம் அவர்களோடு வளர்ந்தது. இஃது என் ஊகமே எனினும், இரு சபைகளின் வேறுபாட்டை இதனினும் எளிதாக விளக்கும் காரணம் எனக்குப் புலப்படவில்லை.

சபையின் நிழலில் வளர்ந்த பிறரும் இவ்வாறே தம் வழியைத் தாமே அமைத்துக்கொண்டனர். என். எஸ். கிருஷ்ணன் பபூன் வேடத்தை வெறுங் கோமாளிக் கூத்தினின்று சிந்தனை தரும் நகைச்சுவையாக உயர்த்தினார். எஸ். வி. சகஸ்ரநாமம் பின்னாளில் சேவா ஸ்டேஜ் கண்டு, தி. ஜானகிராமன் போன்ற எழுத்தாளரை மேடைக்கு அழைத்து வந்தார்.

சண்முகத்தின் வாழ்வில் உச்சமாகக் கூறத்தக்கது 1942 ஆம் ஆண்டு அரங்கேறிய ‘ஔவையார்’. பி. எதிராஜுலு எழுதிய அந்நாடகத்தில் அவர் ஏற்றது ஔவைப் பாட்டி வேடம். அப்போது அவர்க்கு வயது முப்பது. பெண்கள் மேடைக்கும் திரைக்கும் வந்துவிட்ட காலம் அது. ஆண்மகன் பெண்வேடம் பூணுதல் பழங்காலத்து எச்சமாக, நகைப்புக்குரியதாகக் கருதப்படத் தொடங்கியிருந்தது. அந்நிலையில் முப்பது வயது ஆடவர் ஒருவர் பெண்ணாக வந்து, நகைப்புக்கு மாறாக வணக்கத்தைப் பெற்றார். மக்கள் அவரை ‘ஔவை சண்முகம்’ என்றே அழைக்கலாயினர்.

இவ்வெற்றியின் இயல்பை ஆராய்தல் வேண்டும். பாலர் சபையின் ஸ்திரீபார்ட் அழகை அடிப்படையாகக் கொண்டது. மெல்லிய குரலும் மீசை அரும்பாத முகமும் அதற்கு வேண்டும். பருவம் வந்ததும் அவை போய்விடும். ஆனால் சிறுவயதில் பயின்ற நடை, கையசைவு, தலை சாய்ப்பு ஆகியவை உடலில் தங்கிவிடும். பயன்படுத்த இடமின்றிக் கிடக்கும் அப்பயிற்சிக்கு முதியவள் வேடம் ஒன்றே இடந்தரும். மூதாட்டியின் குரல் தாழ்ந்து கரகரத்தல் குறையன்று, இயல்பே. மகரக்கட்டு எதை அவரிடமிருந்து பறித்ததோ, அதுவே ஔவைக்கு அணியாயிற்று. பாட்டும் அங்கே உச்சத்தில் ஒலிக்க வேண்டுவதில்லை. அறம் சொல்லும் நிறுத்தமும் தெளிவும் வேண்டும். செய்யுளைச் செவிவழிக் கற்றவர்க்கு அவை கைவந்தவை. சுவாமிகள் சிறுவனுக்கு அளந்து தைத்தது அபிமன்யு. வளர்ந்தவர் தமக்குத் தாமே தேர்ந்துகொண்டது ஔவை.

நாடகத்து ஔவை எவ்வௌவை என்று புலவர் கேட்பர். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர் வேறு, ஆத்திசூடி பாடியவர் வேறு என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. மேடையில் நின்றவர் அவருள் ஒருவரல்லர். மக்கள் நினைவில் ஒருவராகிவிட்ட ஔவை. அதனைப் பிழையென்று தள்ளுவார், நாடகத்தைக் கல்வெட்டாகப் படிப்பவர். ஔவை இளமையிலேயே திருமணத்தை அஞ்சி, விநாயகரை வேண்டி முதுமையைப் பெற்றார் என்னும் கதையும் ஈண்டு நினைவிற்கு வருகிறது. குழந்தைப் பருவத்திலேயே முதிர்ந்தோர் வேடமெல்லாம் பூண்ட நடிகர்க்கு அக்கதை எவ்வாறு பட்டிருக்கும் என்று எண்ணத் தோன்றும். அதற்குமேல் பொருள் விரித்தல் ஆய்வாகாது.

1953 ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனத்தார் ‘ஔவையார்’ படத்தை வெளியிட்டபோது ஔவையாக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். அவரும் குழந்தையாகவே மேடையேறியவர்; வேலு நாயர் குழுவில் ‘நல்லதங்காள்’ நாடகத்துப் பசித்த குழந்தையாக நடித்தே தம் தொழிலைத் தொடங்கியவர். மேடை ஔவையும் திரை ஔவையும் குழந்தை நடிகராய் இருந்தோரே என்பதை இதுகாறும் எவரும் எடுத்துக் காட்டியதாக யான் அறியேன்.

பிற்காலச் செய்திகளைச் சுருக்கமாகக் கூறலாம். ‘பில்ஹணன்’, கல்கியின் ‘கள்வனின் காதலி’, 1955 ஆம் ஆண்டு அரங்கேறிய அரு. இராமநாதனின் ‘இராஜராஜ சோழன்’ முதலியன சபைக்குப் புகழ் தந்தன. அவற்றுள் ‘இராஜராஜ சோழன்’ 1973 ஆம் ஆண்டு தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாயிற்று. சண்முகத்திற்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. தம் ஆசிரியரைப் பற்றித் ‘தமிழ் நாடகத் தலைமையாசிரியர்’ என்னும் நூல் எழுதினார். சுவாமிகளைப் பற்றி இன்று நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி அந்நூலாலும் தன்வரலாற்றாலும் கிடைத்தவை. ஒரு சிறுவன் உருப்போட்ட பாட்டுகள் இல்லாவிடில் அச்சிடப்படாத நாடகங்கள் பல நம்மை வந்தடைந்திரா.

1960 ஆம் ஆண்டு வெளிவந்த ‘களத்தூர் கண்ணம்மா’வில் குழந்தையாக நடித்து நாடெங்கும் பெயர் பெற்ற கமல்ஹாசன், பின்னர்ச் சிறுவனாகவே சண்முகத்தின் சபையில் சேர்ந்து பயின்றார். இது முற்காலத்து முறைக்கு மாறானது. முன்னர்ச் சபையில் பயின்றோர் வளர்ந்தபின் திரைக்குச் சென்றனர். இங்கே திரையில் புகழ்பெற்ற குழந்தை, அப்புகழ் நிலையாத பருவத்தில், சபையை நாடி வந்தது. குழந்தை நடிகன் வளர்ந்தபின் என்ன ஆவான் என்பதற்கு விடை கண்ட ஒருவரிடமே அச்சிறுவன் வந்து சேர்ந்தான் எனல் பொருந்தும். 1996 ஆம் ஆண்டு கமல்ஹாசன் முதிய பெண் வேடம் பூண்டு நடித்த படத்திற்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயரிட்டது தம் ஆசிரியரை நினைந்தே.

சண்முகம் தன்வரலாறு வெளிவந்த மறு ஆண்டில், 1973 பிப்பிரவரி 15 ஆம் நாள், மறைந்தார். அந்நூலில் உடன் நடித்த சிறுவர் பலர் பெயரோடும் பாத்திரத்தோடும் குறிக்கப்படுகின்றனர். அவருள் பெரும்பாலார் பற்றி வேறெங்கும் ஒரு வரியும் காணப்படவில்லை. நம் பல்கலைக்கழக மாணவர் எவரேனும் அப்பெயர்களைத் தொகுத்து, மதுரை, புதுக்கோட்டை, நாகர்கோவில் வட்டாரங்களில் அவர்தம் வழித்தோன்றல்களைத் தேடி விசாரிப்பாராயின், பாலர் சபையின் மறுபாதி வரலாறு கிடைக்கும். காலம் கடந்துகொண்டே இருக்கிறது. அவர்களைக் கண்ணாற் கண்டோரும் இன்று மிகச் சிலரே.

சென்னை இராயப்பேட்டையில் லாயிட்ஸ் சாலை என்று வழங்கிய வீதி ஔவை சண்முகம் சாலை என்று பெயர் மாற்றம் பெற்றது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து வந்த மற்றொரு சிறுவர் 1972 ஆம் ஆண்டு தோற்றுவித்த அரசியற் கட்சியின் தலைமையகமும் அச்சாலையிலேயே உள்ளது.